மயானத்து ஆட்டுக்காரம்மா

ஆட்டுக்காரம்மாவிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். சரியான பதில் வரும் என்று நான் சொல்லவில்லை. பதில் வரும், அவ்வளவுதான்.

ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து வழி தவறி வந்த ஒரு கார், நான் வேலை செய்யும் மருந்துக் கடை எதிரில் நின்றது. வேடந்தாங்கலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று ஓட்டி வந்தவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வாசலில் ஆடுகளோடு நின்றிருந்த அவள் கையை நீட்டிவிட்டாள்.

"இப்பிடியே போயி, மாரியாத்தா கோயிலாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பு நைனா. தண்ணி தெரியும். அதான்."

அவள் காட்டியது எங்கள் ஊர் ஏரி. செய்யூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து வேடந்தாங்கல் போக மதுராந்தகம் தாண்டி மேற்கே போக வேண்டும். அவள் தன் ஆயுளில் அந்தப் பக்கம் போனதில்லை. கார் கிளம்பிப் போய்விட்டது. நான் அவளைப் பிடித்து உலுக்காத குறை. சாயங்காலம் அதே கார் திரும்பி வந்து நின்றபோது, சரி, இன்றைக்கு இவளுக்கு நல்ல பூசை இருக்கிறது என்று வேடிக்கை பார்க்கக் கடை வாசலுக்கே வந்துவிட்டேன். காரிலிருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப அழகா இருந்துச்சும்மா, கூட்டமே இல்லை" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷம் நல்ல மழை. ஏரியில் கொக்கும் நாரையுமாகக் கொஞ்சம் வந்து இறங்கியிருந்தன. அவர்கள் வேடந்தாங்கலைப் பார்த்துவிட்ட திருப்தியோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாளே, அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மருந்துக் கடையில் வேலை செய்கிறவளுக்கு இப்படி ஓர் ஆளைக் கண்டால் பற்றிக்கொண்டுதான் வரும். எங்கள் தொழிலில் 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் மரியாதையான வார்த்தைகள். டாக்டர் எழுதியது புரியவில்லை என்றால் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் நான் மாத்திரை அட்டையைத் தொடுவேன். இதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும். அவளோ கடைக்கு வந்தால் தன் முறை வருவதற்குள் முன்னால் நிற்பவருக்கு வைத்தியம் பார்த்து முடித்திருப்பாள்.

"இன்னாடா, தலவலியா? அந்த ரோஸ் கலரு மாத்திர கீது பாரு, அத்த வாங்கிப் போடு. ஒடனே நிக்கும்."

"யக்கா, அது பூச்சி மாத்திரை."

"பூச்சி போனாக்கா தலவலி தானா போவாதா?"

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் முறைப்பேன். ஆனால் கணக்குப் போடும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிடும், குனிந்துகொள்வேன்.

குட்டையான உடம்பு. நைலக்ஸ் புடவைக்கு மேல் செத்துப்போன புருஷனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் சுருட்டிய துண்டு. வயது என்ன என்று யாராவது கேட்டால் கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் மனம் கோணாத ஒரு வயதைச் சொல்வாள். அவளுக்குப் பெயர் இருந்தது, ரேஷன் கார்டில். ஊருக்கு அவள் ஆட்டுக்காரம்மா, எனக்கு யக்கா. நான் அவளுக்கு மெடிக்கல் பாப்பா. எனக்கு அப்போதே முப்பது தாண்டிவிட்டது என்பதெல்லாம் அவளிடம் எடுபடாது. கடைசியில் மகள் கூப்பிட்டுக்கொண்டாள் என்று சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போனாள். மகளுக்கு அங்கே கம்பெனி வேலை. போனவள் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அந்தச் சாவுச் சேதி வந்த அன்று நான் கடையில் ஒரு மாத்திரைப் பெட்டியைக் கீழே போட்டேன்.

அவளிடம் இருந்தவை பெரும்பாலும் சிவப்புச் செம்மறிகள். எங்கள் பக்கத்து இனம், உடம்பில் கம்பளி ரோமம் இருக்காது. அவற்றோடு ஊர் மயானத்துக்குள் அவள் போக ஆரம்பித்ததும் அந்த வாயால்தான்.

எங்கள் ஊர் மயானம் பேரூராட்சியின் பொது மயானம். சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. ஒரு மூலையில் எரிக்கிற மேடை, மீதியெல்லாம் புதைக்கிற இடம். முன்பெல்லாம் திறந்து கிடந்ததால் ஊர் மாடுகள் மேய்ந்து புல்லைத் தரையோடு வைத்திருந்தன. அதற்குப் பிறகு சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்பு கேட் போட்டு, வளைவில் பெயர் எழுதித் திறப்பு விழாவும் நடத்தினார்கள். மாடு நின்றது, புல் வளர்ந்தது. இரண்டு மழைக்காலத்துக்குள் உள்ளே ஆள் போனால் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. பாடை தூக்கியவர்கள் மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் இடறினார்கள். சாவுக்கு வந்த ஒருவரைப் பாம்பு கடித்து, செங்கல்பட்டு வரை தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தார்கள். களைக்கொல்லி அடித்துப் பார்த்தார்கள். புல்லோடு வேப்பங்கன்றுகளும் கருகின, ஒரு வாரம் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. மெஷின் வைத்து வெட்டினால் கல்லில் பட்டுப் பட்டென்று தெறிக்கிறது என்று வெட்ட வந்த ஆள் பாதியில் போட்டுவிட்டுப் போனான்.

எங்கள் வார்டு கவுன்சிலர் டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது இவள் அந்த வழியாக வந்திருக்கிறாள். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஒன் ஆட்ட உள்ள வுட்டா மேயுமா?"

"மேயுமே! அதுங்குளுக்கு இன்னா, பேய் பிசாசுலாம் தெரியுமா?"

மறுநாள் காலையில் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஆடு ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்று கத்தின. டீக்கடையே திரண்டு வேடிக்கை பார்த்தது. அவளுக்கு வேறு வழியில்லை. இருப்பதிலேயே கிழட்டு ஆடு ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கிழட்டு ஆட்டுக்குப் பின்னால் மற்றவையும் கத்திக்கொண்டே போயின. எங்கள் ஊரில் பெண்கள் மயானத்துக்குள் போவதில்லை. புருஷன் செத்தபோதுகூட அவள் தெருமுனையோடு நின்றவள்தான். ஆடுகளைவிட அவள்தான் அன்று அதிகம் பயந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டாளே, மேயும் என்று!

செம்மறிதான் அந்த வேலைக்குச் சரி என்பது போகப் போகத் தெரிந்தது. அது தலையைக் குனிந்தால் புல்லை மட்டும் அடியோடு சுத்தமாக எடுக்கும். அவளிடம் இருந்த வெள்ளாடுகள் கண்டதற்கும் எக்கிக் கன்றைக் கடித்ததால் அவற்றை கேட்டுக்கு வெளியே கட்டிவிட்டாள். தை மாதத்துக்குள் மயானம் புதிதாக முடி வெட்டிய தலையாகிவிட்டது. மேடுகள் தெரிந்தன. நட்ட கற்களும் சிலுவைகளும் தெரிந்தன. தன் அப்பாவை எங்கே வைத்தோம் என்று மறந்துபோயிருந்தவர்களெல்லாம் போய்க் கண்டுபிடித்துவிட்டு வந்தார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. சாவு ஊர்வலத்தில் வழிநெடுகப் பொரி இறைப்பார்கள் இல்லையா, அந்த ருசியை ஆடுகள் கண்டுகொண்டன. பறைச் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து பாடைக்குப் பின்னால் வரிசை கட்டிவிடும். அரிசி மில் முதலாளியின் அப்பா செத்தபோது இப்படி மொத்த மந்தையும் பின்னாலேயே போக, மில்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இதெல்லாம் இன்னாம்மா அசிங்கம்?" என்று அழுகையோடு கத்தினார். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"தெனம் அவுரு எதிர்க்கதான் நைனா இதுங்க போவும் வரும். வழியனுப்ப வந்துகீதுங்க."

மில்காரர் பொரிக் கூடையை வாங்கித் தானே கை நிறைய அள்ளி ஆடுகளுக்கு இறைத்தார். கருமாதிப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும், அப்பாவுக்கு ஆடுகள்கூட வந்து நின்றன என்று வீடு வீடாகச் சொன்னார்.

இதே வாய் கறிக்கடைக்காரரிடம் வேறு பாட்டுப் பாடும். ஆடு பிடிக்க வருகிறவர் முதல் கேள்வியாக, "சுடுகாட்டுல மேஞ்சதா?" என்பார். "ஐயய்யோ, யாரு சொன்னா? இது உப்புத்தண்ணிக் கழிவெளி ஓரமா மேஞ்ச ஆடு, கறி உப்புப் போடாமயே ருசிக்கும்" என்பாள். என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் கறியே வேண்டாம் என்றார். அப்புறம் சாப்பிட்டார்.

எனக்கு அவளிடம் பிடிக்காமல் இருந்தது இதெல்லாம் இல்லை. மயானத்துச் சேதி சொல்வாளே, அதுதான். ஊரில் உள்ளே போய்வருகிற ஒரே பெண் அவள். மற்றப் பெண்கள் எல்லாம் தங்கள் ஆட்களைத் தெருமுனையில் அனுப்பிவைத்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது, வெயிலா நிழலா, தண்ணீர் தேங்குகிறதா, எதுவும் தெரியாது. ஆகவே அவள் சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது யாராவது ஒருத்தி வாசலில் காத்திருப்பாள்.

"எங்க அம்மா எப்பிடிக் கீது?"

"அதுக்கு இன்னா, தலமாட்டுல தும்பப் பூத்துகீது. ஒரே வெள்ள."

"எங்க அண்ணன்?"

"இன்னிக்குதான் சுத்தமா மேய வுட்டு வந்தேன். பளிச்சுன்னு கீறாரு."

கேட்டவர்கள் முகம் தெளிந்து உள்ளே போவார்கள். எனக்குக் கொதிக்கும். அத்தனை மேடுகளில் எது யாருடையது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அளந்துவிடுகிறாள் என்று நான் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டாள் என்றே நினைத்தேன். தபால் ஆபீஸ் பக்கத்து வீட்டு அம்மாள் என் கடை வாசலில் வைத்துத் தன் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள். இவளும், அவர் மேல் அருகம்புல் எப்படித் தழைத்திருக்கிறது, அதை ஆட்டுக்குக் கொடுக்கவே தனக்கு மனசு வரவில்லை என்று விரிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெரியவரை எரித்தார்கள். சாம்பலை மாமல்லபுரத்துக்கு எடுத்துப்போய்க் கடலில் கரைத்தார்கள். வேன் பிடித்துப் போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

"ஏம்மா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றேன் அந்த அம்மாளிடம்.

அவள் சர்க்கரை மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள். "அதுக்கு மறந்துபோச்சு போலக்கீது. சொல்லட்டுமே. என்னாண்ட அவரப் பத்தி இப்ப யாரு பேசுறாங்க?"

நான் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

இனி என் விஷயம். இதை என்னால் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். என் முதல் குழந்தை செங்கல்பட்டில் பிறந்தாள். மாதம் நிறையவில்லை. டாக்டர்களும் நர்சுகளும் முடிந்ததெல்லாம் செய்தார்கள், அவள் தங்கவில்லை. நான் காய்ச்சலில் நினைவு தப்பிக் கட்டிலில் கிடந்தேன், என் வீட்டுக்காரர் என்னோடு இருந்தார். மாமனாரும் அவர் தம்பியும்தான் அவளை வெள்ளைத் துண்டில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போனார்கள். பிஞ்சுகளை எங்கள் பக்கம் எரிப்பதில்லை. மேளம் கிடையாது, பொரி கிடையாது, குழி வெட்ட ஆள்கூடக் கூப்பிடுவதில்லை. வீட்டு ஆண்களே மயானத்தின் கிழக்குப் பக்கத்தில் எங்காவது ஓர் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். மேலே ஒரு கல் வைக்கிற வழக்கமும் இல்லை. அடையாளம் வைத்தால் அடுத்தது தங்காது என்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்றார். தங்கமான மனுஷர், அதைச் சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கத் துணிவதற்குள் அவரும் மாரடைப்பில் போய்விட்டார். அவர் தம்பிக்கு இடம் நினைவில்லை. மழையாம், புல் முட்டிக்கு மேல் இருந்ததாம், கிழக்கால எங்கேயோ என்றார். பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான், வளர்ந்தான், பள்ளிக்கூடம் போகிறான். அவனைக் குளிப்பாட்டித் துடைக்கும்போதெல்லாம் நான் இன்னொருத்தியையும் நினைத்துக்கொள்வேன். அவளை நான் ஒருமுறைகூடத் துடைத்ததில்லை.

ஆட்டுக்காரம்மாவிடம் மட்டும் நான் கேட்கவே இல்லை. தினமும் என் கடை வாசல் வழியாகத்தான் அவள் அங்கே போய்வந்தாள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம்.

அப்போதுதான் கவுன்சிலர் புதுத் திட்டம் கொண்டுவந்தார். கேஸ் தகன மேடை, உட்கார சிமெண்டு பெஞ்சு, சுவரிலிருந்து சுவர் வரை தரையைச் சமன் பண்ணிப் பேவர் பிளாக் கல். புல்லே இருக்காது, ஆடும் வேண்டாம். கல் நட்ட சமாதிகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பொக்லைன் வைத்துச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்று கடைக்கு வந்தவர் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். நான் அவருக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். என் குழந்தைக்கு மேல் கல் இல்லை. அவள் இருக்கும் மண்ணை லாரியில் வாரி எங்கே கொட்டுவார்களோ என்ற நினைப்பில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் கடையைச் சாத்திக்கொண்டு அவளை வழிமறித்தேன்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

"கேளு பாப்பா. இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடிக் கீது?"

கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை, அது ஒன்றுதான் ஆச்சரியம். ஓர் ஆட்டின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு, "தெரியுமே. வா" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்த கேட்டுக்குள் போனேன். ஆடுகள் என்னைச் சுற்றி நடந்ததால் கூட்டத்தோடு போகிற தைரியம் இருந்தது. கிழக்கே ஒரு நுணா மரம் நின்றது. அதன் அடியைக் காட்டினாள்.

"இங்கதான்."

"எப்பிடித் தெரியும்?"

"ஆடுங்க மத்த எடத்துல மேயும். இங்க வந்தா மட்டும் மெதுவா படுத்துக்கும். புள்ள தூங்குதுன்னு அதுங்குளுக்குத் தெரியும்."

உச்சி வெயிலில் ஆடு மர நிழலில் படுக்காமல் வேறென்ன செய்யும் என்று எனக்குள் இருந்த மெடிக்கல்காரி கேட்டாள். நான் அவளை வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். கீழே உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தேன். மண் சூடாக இருந்தது. அன்று நான் அழுத அழுகையை என் அம்மா செத்தபோதும் அழுததில்லை. ஆட்டுக்காரம்மா தூரத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மதியம் கடை மூடினதும் போக ஆரம்பித்தேன். கவுன்சிலரிடமும் அந்த மரத்தடியை விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரத்தடியில் எனக்கு முன்னால் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெரு டைலர் அக்கா. எனக்கு ஜாக்கெட் தைக்கிறவள். கையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

"நீ இன்னாடி இங்க?" என்றாள்.

"என் பொண்ணு யக்கா."

அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது என் பையன் ஆச்சே."

யார் காட்டியது என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, உச்சந்தலை வரை கோபம் வந்தது. நேரே ஆட்டுக்காரம்மாவின் வீட்டுக்கு நடந்தேன். அவள் பட்டிக்கு முன்னால் ஆடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடமா யக்கா?"

"அது வந்து பாப்பா, பக்கத்து பக்கத்துல..."

"யக்கா!"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். சட்டைக் கையால் வாயைத் துடைத்தாள்.

"தெரியாது பாப்பா" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

"எனுக்கு இன்னா தெரியும்? நீ ஒரு நா வந்து கேப்பேன்னு மட்டும் தெரியும். தெனம் என்னியப் பாக்கசொல்லோ ஒன் கண்ணு அதத்தான் கேக்கும். அதுக்கோசரம் தேடிகினேதான் இருந்தேன். ஆடு மேஞ்ச எடத்துல குனிஞ்சி குனிஞ்சி பாத்தேன். சின்னதா மேடு எதுனா தெரியுதான்னு கையால தடவிகூடப் பாத்தேன். ஒண்ணியும் தெர்ல. மழ எல்லாத்தையும் கரச்சிட்டுகீது. அங்க நெழலு கீற எடமே அது ஒண்ணுதான். ஒக்காந்து அழுவறதுக்கு நெழலாவது வேணாமா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். கோபம் போகவில்லை. ஆனால் அவள் குனிந்து புல்லைத் தடவித் தேடினாள் என்றாளே, அது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதைச் செய்யவில்லை.

அடுத்த வாரமே பொக்லைன் வந்துவிட்டது. காலையில் சத்தம் கேட்டு ஓடினேன். டைலர் அக்கா எனக்கு முன்னால் வந்து மரத்தடியில் நின்றிருந்தாள். இன்னும் சில பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்று, பிறகு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் மரத்தடியைத்தான் பார்த்தார்கள். ஆட்டுக்காரம்மா எத்தனை பேருக்கு அதைக் காட்டியிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் ஆடுகளோடு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

கவுன்சிலர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "ஏம்மா, பொம்பளைங்களுக்கு இங்க இன்னா வேல?" என்றார்.

"எங்க புள்ளைங்க இங்க கீதுங்க" என்றாள் டைலர் அக்கா.

"கல்லு இல்லியே. நிச்சயமா இங்கதான்னு யாரு சொன்னது?"

எல்லார் தலையும் ஆட்டுக்காரம்மா பக்கம் திரும்பியது. கவுன்சிலர் சிரித்துவிட்டார். "இதுவா? இத்தக் கேட்டா கடலு மேக்கால கீதுன்னு சொல்லும். நகருங்கம்மா, வண்டிக்கு வாடகை ஏறிகினு கீது."

அவள் வாய் திறந்து இருந்தது. அதிலிருந்து சத்தம் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஊரே சிரித்தாலும் ஒரு பதிலை வைத்திருந்த அந்த முகத்தில் அன்று ஒன்றுமே இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அது சொல்லல" என்றேன். "எனுக்குத் தெரியும். என் மாமனாரு சாவறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாரு. கெழக்குப் பக்கம்தான். மத்த பச்சப் புள்ளைங்களையும் இங்கதான் வெச்சாங்கன்னு சொன்னாரு."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கவுன்சிலர் என்னை உற்றுப் பார்த்தார். தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறவள் இல்லை நான் என்பது அவருக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கு மருந்து மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று அவரையே கடையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"மெடிக்கல் பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பொக்லைன் ஓட்டிய பையன் வெளியூர்க்காரன். அவன் இறங்கி வந்து என் எதிரில் நின்றான். "எவ்ளோ எடம்க்கா வுடணும்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. மரத்தைச் சுற்றி எவ்வளவு என்று மனசுக்குள் அளக்க ஆரம்பித்தேன். அதற்குள் என் பின்னாலிருந்து ஒரு முழுக்கைச் சட்டைக் கை நீண்டது.

"அதோ தெரியுது பாரு பன மரம், அங்க தொட்டு, இப்பிடிக்கா, இந்தக் கடைசிச் செவுரு வரிக்கும் நைனா."

அது கிழக்குப் பக்கம் முழுக்க. மயானத்தில் பாதி.

"அவ்ளோவா?" கவுன்சிலர் கத்தினார். "பச்சப் புள்ளைக்கு எவ்ளோ எடம்மா வேணும்?"

"ஓடியாடற வயசாச்சே!" என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. டைலர் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கவுன்சிலர் பனையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்து, அந்தப் பக்கம் போ என்பதுபோலக் கையை ஆட்டினார். வண்டி மேற்கே திரும்பியது.

பேவர் பிளாக் இன்றைக்கும் அந்தப் பனையோடு நின்றுபோகிறது. அதற்கு இந்தப் பக்கம் புல்தான். புல் இருந்ததால் அவள் ஊரைவிட்டுப் போகும்வரை அவள் ஆடுகளும் வந்தன, இப்போது வேறொருவர் ஆடுகள் வருகின்றன. பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் உட்காருகிறார்கள். வெயில் தாங்காதபோது நுணா மரத்தடிக்கு எல்லாரும் வந்துவிடுவோம், டைலர் அக்கா பிஸ்கட் கொடுப்பாள்.

என் மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவள் மேல் என் செருப்புக் கால் பட்டுவிடக் கூடாதே என்று, பனை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் புல் முழுக்க வெறுங்காலோடு மெதுவாகத்தான் நடக்கிறேன்.